திருப்பி ஒலிக்கும் பாட்டில் பசாசு உண்டோ?



சில மாதங்களாக நம் மலைப் பங்குகளில் ஒரு பேச்சு உலவி வருகிறது. மேனாட்டுப் பாடல்கள் சிலவற்றை முடிவிலிருந்து தொடக்கம் நோக்கி ஒலிக்கச் செய்தால், அவற்றினுள்ளே பசாசைப் புகழும் சொற்கள் கேட்கின்றனவாம். பாட்டை நேராகக் கேட்கும் இளைஞரின் உள்ளத்திலும் அச்சொற்கள் அவரறியாமலே பதிந்து, அவரைத் தீநெறிக்கு இழுத்துச் செல்கின்றனவாம். தியானக் கூட்டங்களில் சிலர் இதனை மேடையேறிச் சொல்லுகின்றனர். வாட்ஸ்அப் வழியாக ஒலித்துண்டுகள் எஸ்டேட் லயங்கள் வரைக்கும் சென்று சேர்ந்திருக்கின்றன. முன்னாளில் இதனைச் சோதித்தறிய விரும்பியவர் இசைத்தட்டைக் கையால் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். தட்டும் கெடும், ஊசியும் கெடும். இன்றோ வீட்டுக் கணிப்பொறியில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் எழுந்து அடங்கிய அச்சம் ஒன்று, இவ்வாறு புதிய வாகனம் ஏறிக் கூடலூருக்கு வந்திருக்கிறது.

இதுபற்றி எழுதுமாறு தாய்மார் சிலர் என்னைக் கேட்டனர். நேரில் ஓரிரு சொல்லில் விடை கூறி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதன் காரணமாக ஒரு வீட்டில் நேர்ந்ததைப் பார்த்த பின், விரிவாக எழுதுவதே கடமை எனக் கண்டேன்.

கணிப்பொறி செய்வது இன்னதென்று முதலில் தெரிந்துகொள்வோம். ஒலி என்பது காற்றின் அதிர்வு. அவ்வதிர்வின் ஏற்ற இறக்கத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைப்பதே எண்முறை ஒலிப்பதிவு. 1982-இல் ஃபிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனங்களின் கூட்டு முயற்சியால் சி.டி. தட்டுகள் விற்பனைக்கு வந்தபோது, நொடிக்கு 44,100 முறை அளப்பதென்று வகுக்கப்பட்டது. அவ்வாறாயின் மூன்று நிமிடப் பாட்டொன்றில் ஒரு செவிக்கு 79,38,000 எண்கள். இரு செவிக்கும் சேர்த்து 1,58,76,000. பாட்டைத் திருப்புவதென்றால், இந்த எண்களில் கடைசியாக நிற்பதை முதலாவதாகவும் முதலாவதைக் கடைசியாகவும் படிப்பது. அவ்வளவே. செபமாலையை மறுமுனையிலிருந்து உருட்டினால் மணிகள் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இங்கும் அப்படியே. எம்.பி.3 என்னும் சுருக்கக் கோப்பாயின், கணிப்பொறி அதனை முதலில் விரித்து எண்வரிசையாக்கிக் கொண்டு, பின்னரே திருப்புகிறது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருவர் தொடங்கி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆடாசிட்டி என்னும் இலவசச் செயலி பலருடைய கணிப்பொறிகளில் இருக்கிறது. பாட்டு முழுவதையும் தேர்ந்து, விளைவுகள் பட்டியலில் திருப்பு என்பதைத் தட்டினால், கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

விளைவதென்னவோ விசித்திரமான ஓசைதான். அதனை நான் மறுக்கவில்லை. கோயில் மணியோசையைப் பதிந்து திருப்பிப் பாருங்கள். நாக்கு மோதியவுடன் பேரொலி எழுந்து, பின்னர் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைவதே மணியின் இயல்பு. திருப்பிய மணியோ எங்கிருந்தோ மெல்லிய ரீங்காரமாகத் தொடங்கி, வளர்ந்து பெருகி, உச்சத்தில் திடீரென அறுந்து நிற்கிறது. இயற்கையில் எந்தப் பொருளும் இவ்வாறு ஒலிப்பதில்லை. ஆகவே செவி திடுக்கிடுகிறது, உடல் சிலிர்க்கிறது. மனிதக் குரலும் அவ்வாறே. மூச்சு உள்வாங்குவது வெளிவிடுவதுபோலவும், வல்லின மெய்கள் விழுங்கப்படுவனபோலவும், சொல்லின் இறுதியில் தாழவேண்டிய குரல் தொடக்கத்தில் தாழ்ந்தும் கேட்கின்றன. இருட்டறையில் தனியே அமர்ந்து கேட்பவன் அஞ்சினால் அவனைக் குறை சொல்லுதற்கில்லை.

ஒலிநாடாக் காலத்தவர்க்கு இது முற்றிலும் புதிதன்று. பழைய கேசட் பெட்டியில் தலைப்பகுதி சற்றே இடம் பெயர்ந்துவிட்டால், நாடாவின் மறுபக்கத்துப் பதிவு, கேட்கும் பாட்டின் பின்னணியில் மெல்லியதாகத் தலைகீழாய்க் கேட்கும். செபமாலைக் கேசட்டில் யாரோ முணுமுணுக்கிறார்கள் என்று அஞ்சியவர்கள் அக்காலத்தில் உண்டு. திருப்புளி கொண்டு ஓர் ஆணியைச் சற்றே திருகியதும் முணுமுணுப்பு நின்றுவிடும்.

தமிழர்க்கு இதில் வியப்பான செய்தியொன்று உண்டு. பின்னிருந்து படித்தாலும் அதுவாகவே நிற்கும் பாட்டை நம் முன்னோர் மாலைமாற்று என்றனர். சித்திரகவி வகைகளுள் அது ஒன்று. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இவ்வகையில் பதினொரு பாடல்கள் கொண்ட பதிகமொன்றை யாத்தார். மூன்றாம் திருமுறையில் 117-ஆம் பதிகமாக அது இருக்கிறது. குருமடத்தில் எங்களுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் அதனைக் கரும்பலகையில் எழுதி, இருபுறத்திலிருந்தும் படித்துக் காட்டியபோது வகுப்பே கைதட்டியது. சைவரின் திருமறையாயினும், தமிழின் ஆற்றல் தமிழர் அனைவர்க்கும் உரியதன்றோ!

ஆனால் அப்பதிகத்தை ஓதிப் பதிந்து கணிப்பொறியில் திருப்பினால் அது மாலைமாற்றாக ஒலிக்காது. ஏன்? நம் எழுத்து உயிர்மெய் எழுத்து. மா என்னும் ஒரே எழுத்துக்குள் மகர மெய் முன்னும் ஆகார உயிர் பின்னும் நிற்கின்றன. கண்ணால் படிப்பவன் எழுத்தை எழுத்தாகவே எடுத்து வரிசை மாற்றுகிறான். கணிப்பொறியோ எழுத்தறியாதது; ஒலியை அறுத்து அறுத்துத் திருப்புகிறது. அதற்கு மா என்பது ஆம் ஆகிவிடும். விகடகவி என்னும் சொல்லை எழுத்தாக எப்புறமிருந்து படித்தாலும் விகடகவியே. ஒலியாகத் திருப்பினால் இவகடகிவ் என்று ஏதோ வேற்றுமொழிபோல் கேட்கும். ஆமென் என்பது நெமா ஆகும். அல்லேலூயா என்பது ஆயூலேல்ல ஆகும். மாறாமல் நிற்கும் சொற்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று நான். முன்னிருந்து கேட்டாலும் பின்னிருந்து கேட்டாலும் அது நானாகவே இருக்கிறது. ஆங்காரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ய விரும்பும் குருக்கள் இதனை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் இதனை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டனர். ஆயூலேல்ல என்று பாடம் பண்ணிக் கைபேசியில் பதிகிறார்கள். அதனைத் திருப்பி ஒலிக்கச் செய்தால் சற்றே கோணலான அல்லேலூயா வெளிவருகிறது. யாருடையது திருத்தமாக வருகிறதோ அவருக்கு ஒரு மிட்டாய். இதில் பசாசுக்கு இடம் எங்கே?

இசையைத் திருப்பும் கலையைக் கண்டுபிடித்தவர்கள் ராக் பாடகர்கள் என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதினான்காம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு ரெய்ம்ஸ் பேராலயத்தில் கானன் பதவி வகித்த கியோம் தெ மாஷோ, என் முடிவே என் தொடக்கம் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பாட்டு இயற்றினார். அதில் ஒரு குரல் பாடுவதை மற்றொரு குரல் இறுதியிலிருந்து பின்னோக்கிப் பாடுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் கம்பிரே பேராலயத்துக் கானனாக இருந்த துஃபே, தாம் இயற்றிய திருப்பலி இசையொன்றில், உலகின் பாவம் போக்கும் இறைவனின் செம்மறியே என்று நாம் பாடும் அவ்விடத்திலேயே, அடிப்படை மெட்டு நண்டைப்போல் பின்னோக்கிச் செல்லுமாறு அமைத்தார். பீடத்தில் திருப்பலி நடக்க, பாடகர் குழு மெட்டைத் திருப்பிப் பாடியது. திருச்சபை அதில் தீது காணவில்லை. அவர்கள் திருப்பியது சுரவரிசையை. கணிப்பொறி திருப்புவது ஒலியையே. வேறுபாடு உண்டுதான். எனினும், திருப்புதல் என்ற செயலே தீயது எனும் வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

ஒலியையே திருப்புவதும் ஒலிப்பதிவு பிறந்த நாளிலிருந்தே உள்ளது. எடிசன் 1877-இல் செய்த ஃபோனோகிராஃப் கையால் சுற்றும் கருவி. மறுபுறம் சுற்றினால் பாட்டும் மறுபுறமாக வரும். அவ்வாறு வரும் மெட்டுகள் சில புதுமையாகவும் இனிமையாகவும் உள்ளன என்று எடிசனே மகிழ்ந்திருக்கிறார். 1966-இல் பீட்டில்ஸ் குழுவினர் ரெயின் என்னும் பாட்டின் இறுதியில் தங்கள் குரலையே திருப்பிச் சேர்த்து வெளியிட்டனர். அதன்பின் ஆர்வலர் கூட்டம் சும்மா இருக்குமா? 1969 அக்டோபரில் டெட்ராய்ட் நகர வானொலி நிலையத்துக்கு ஒருவர் தொலைபேசியில் பேசி, அக்குழுவினர் முந்தைய ஆண்டில் வெளியிட்ட ஒரு பதிவைத் திருப்பிக் கேட்குமாறு சொன்னார். பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டார், அவரிடத்தில் வேறொருவர் நடிக்கிறார் என்னும் வதந்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. மெக்கார்ட்னியோ அதற்குப் பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பாடிக்கொண்டிருக்கிறார்.

1980-களின் தொடக்கத்தில் இவ்வேட்டை சமயக் கோலம் பூண்டது. லெட் செப்பலின் குழுவினர் 1971-இல் வெளியிட்ட பாட்டொன்றில் சாத்தானுக்குப் புகழ்ச்சி மறைந்திருப்பதாகத் தொலைக்காட்சிப் போதகர்கள் முழங்கினர். 1982-இல் கலிபோர்னியச் சட்டமன்றக் குழுவின் முன்னிலையில் அப்பாட்டு திருப்பி ஒலிக்கப்பட்டது. தங்கள் நிறுவனத்தின் தட்டுச் சுழற்றிகள் முன்னோக்கி மட்டுமே சுழல்கின்றன என்று அக்குழுவின் இசைத்தட்டு நிறுவனம் விடையிறுத்தது. அதே காலத்தில் வேறு சில குழுவினர் வேண்டுமென்றே திருப்பிய செய்திகளைப் புகுத்தினர் என்பதும் உண்மை. பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் 1979-இல் வைத்த செய்தி, இந்த இரகசியத்தைக் கண்டுபிடித்ததற்கு வாழ்த்துக் கூறும் கேலி. வேட்டைக்காரர்களுக்கென்றே வைத்த வெறும் பொறி!

ஆகவே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவன் தன் சொல்லைத் திருப்பிப் பாட்டில் வைக்க முடியுமா? முடியும்; எளிது. அவ்வாறு வைத்ததை நேராகக் கேட்பவனின் மனம் தானே திருப்பிப் பொருள் உணர்ந்துகொள்ளுமா? இதுவே முக்கியமான கேள்வி. கனடாவில் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து உளவியலார் வோக்கி, ரீட் என்னும் இருவர் இதனை முறையாகச் சோதித்து 1985-இல் முடிவை வெளியிட்டனர். திருப்பிய பேச்சைக் கேட்டவர்கள், பேசுவது ஆணா பெண்ணா என்று சொல்ல முடிந்தது. ஆனால் அது குழந்தைப் பாட்டா, கிறிஸ்தவ வாசகமா, சாத்தானியமா, விளம்பரமா என்று வகைப்படுத்தச் சொன்னபோது, கண்ணை மூடிக்கொண்டு சீட்டெடுப்பவனுக்குக் கிடைக்கும் பலனே கிடைத்தது. பொருள் அறவே ஏறவில்லை. அதே மக்களிடம் இன்ன சொற்றொடர் வருகிறதா கேளுங்கள் என்று முன்கூட்டிச் சொன்னால், பெரும்பாலோர்க்கு அது கேட்டது. இதில் நான் பெரிதும் சுவைத்தது ஒன்றுண்டு. அவர்கள் திருப்பிய வாசகங்களுள் ஒன்று, ஆண்டவரை ஆயராகப் போற்றும் 23-ஆம் சங்கீதம். (பழைய எண்ணிக்கையில் 22.) அந்தச் சங்கீதத்திலும் சாத்தானின் பெயரைக் கேட்க முடிந்தது! தாவீதின் மேல் வழக்குத் தொடுப்பார் யாரேனும் உண்டோ?

இதனை நம் பிள்ளைகள் தாங்களே காண வேண்டுமென்று, ஜூலை மாதத்து மழை மாலையொன்றில் இளையோர் கூடத்தில் ஒரு சோதனை வைத்தேன். வந்தவர் முப்பது பேர் இருப்பர். பாதிப் பேர் வீட்டில் தமிழும் மீதிப் பேர் மலையாளமும் பேசுகிறவர்கள். வழக்கம்போல் மின்சாரம் இல்லை. மடிக்கணினியின் மின்கலமே துணை. அடக்கத் திருப்பலியில் வாசிக்கும் அதே சங்கீதத்தை என் குரலில் பதிந்து, திருப்பி ஒலிக்கச் செய்து, கேட்டதை எழுதுங்கள் என்றேன். பலர் தாளை வெறுமையாக விட்டனர். சிலர் அரபு மொழி என்றனர். ஒரு மலையாளப் பெண் தன் மொழிச் சொல்லொன்றையும், ஒரு தமிழ்ப் பையன் தன் மொழிச் சொல்லொன்றையும் அதே நொடியில் கேட்டிருந்தனர். பின்னர், ஓசைக்கு ஓரளவு இசையுமாறு நானே கட்டிவைத்திருந்த பொருளற்ற சொற்றொடரைப் பலகையில் எழுதினேன்: ஏழு மலை ஏறி வா. மீண்டும் ஒலிக்கச் செய்தேன். கூடமே கூவியது. கேட்குது ஃபாதர், தெளிவாகக் கேட்குது என்றார்கள். அது என் கற்பனை என்று சொன்ன பிறகும், அது வேறு விதமாகக் கேட்க மறுக்கிறது என்று ஒருவன் வருந்தினான். கண்ணுக்கு மேகத்தில் யானை தோன்றுவதுபோல் செவிக்கும் தோற்றம் உண்டு. மனித மூளை சொல்லுக்காக ஏங்கும் உறுப்பு. பேச்சை நொடியில் இருபதில் ஒரு பங்கு நீளத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாலும் கேட்பவருக்குப் பொருள் விளங்குகிறது என்று 1999-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. சிதைந்ததையும் ஒட்டவைத்துப் பொருள் காண்பதில் செவி அத்துணை வல்லது. பொருள் இல்லாத இடத்திலும் அந்த வேலையை அது நிறுத்துவதில்லை.

இனி, நம் மறை என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம். சாவான பாவம் ஆவதற்கு மூன்று வேண்டும்: கனமான பொருள், முழு அறிவு, மனம் ஒப்பிய சம்மதம். இது சிறு பிள்ளைகளும் மனப்பாடமாய்ச் சொன்ன பாடம். 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலிலும் 1857-ஆம் எண்ணில் இருக்கிறது. தனக்குத் தெரியாத மொழியில், தலைகீழாய், பறைக்கும் கிட்டாருக்கும் இடையே புதைந்து வந்த சொல்லுக்கு ஒரு பையன் எப்படிச் சம்மதம் தருவான்? பசாசு நம்மைத் தூண்டலாம். ஆனால் மனிதனின் சித்தத்தை வலுக்கட்டாயமாகத் திருப்ப அதனால் இயலாது என்பதைப் புனித அக்குவினாஸ் தோமையார் ஐயத்துக்கிடமின்றி நிறுவியிருக்கிறார். பசாசு இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். திருமுழுக்கின்போது அதனை விட்டுவிடுகிறேன் என்று வாக்களித்தவர்கள் நாம். ஆயினும் சொல்லைத் திருப்பினால் மட்டுமே மந்திரசக்தி பிறந்துவிடுமென்று நம்புவது விசுவாசமன்று. அது மூடநம்பிக்கை, முதற் கற்பனைக்கு மாறானது. பரலோக மந்திரத்தைப் பின்னிருந்து சொன்னால் பசாசு வருமென்று ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நம்பினர். சூனியக்காரரால் அதனை நேராகத் தவறின்றிச் சொல்ல முடியாதென்றும் நம்பினர். 1692 ஆகஸ்டில் அமெரிக்காவின் சேலம் ஊரில் ஜார்ஜ் பரோஸ் என்னும் போதகர் தூக்குமேடையில் நின்று அதனைத் தவறின்றிச் சொன்னார். கூட்டம் கலங்கியது. ஆயினும் தூக்கிலிட்டார்கள்.

பாட்டுகளில் தீமையே இல்லை என்றும் நான் வாதிக்கவில்லை. பெண்ணை இழிவுபடுத்தும் பாட்டும், குடியைக் கொண்டாடும் பாட்டும் நம் திருமண வீடுகளில் ஒலிபெருக்கி வைத்து ஒலிக்கின்றன. அவற்றைத் திருப்பிக் கேட்க வேண்டியதே இல்லை. நேராகவே கேட்கலாம், தமிழில்தான் இருக்கின்றன.

மேலே சொன்ன வீட்டுக்கு வருகிறேன். பிள்ளையும் தாயும் இசைவு தந்தமையால் எழுதுகிறேன். பெயரும் இடமும் வேண்டா. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று, பங்கு வீட்டுத் திண்ணையில் பேசியது. தேயிலை பறிக்கும் தாயொருத்தி, பள்ளியில் தன் மூத்த மகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினியை மழைக்கு உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னே வைத்தாள். "சாமி, இதை மந்திரிச்சுக் குடுங்க. இல்லாட்டி நீங்களே எரிச்சுப் போடுங்க. பையன் ராத்திரி பூரா இதுக்குள்ள எதையோ தேடிக்கிட்டே இருக்கான்" என்றாள். பையன் எங்கள் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். வெளியூர்க் கூட்டமொன்றில் போதகர் ஒருவர் திருப்பிய பாட்டை ஒலிபரப்பியதைக் கேட்டிருக்கிறான். வீடு திரும்பித் தன்னிடம் உள்ள பாடல்களை ஒவ்வொன்றாகத் திருப்பத் தொடங்கினான். தேடியவனுக்குக் கிடைத்தது, தேடினால் கிடைக்கத்தானே செய்யும்! இவற்றை இத்தனை ஆண்டுகள் கேட்டுவிட்டேனே, நான் ஏற்கெனவே அதற்குச் சொந்தமாகிவிட்டேன் என்று முடிவு கட்டினான். நற்கருணை வாங்குவதை நிறுத்தினான். சாப்பாடு குறைந்தது. ஏழு வாரமாகக் கீபோர்டைத் தொடவில்லை.

அவனிடம் 44,100-ஐயும் லெத்பிரிட்ஜையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டான், கூர்மையான பிள்ளை. பின்பு, "பாட்டுல வர்றது எனக்குச் சரியாப் புரியல சாமி. அப்பா சொல்றது புரியுது" என்றான். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தவறிய நாளிலிருந்து, ஒவ்வொரு இரவும் குடித்துவிட்டு வந்து, நீ பிறந்ததே வீண் என்று தகப்பன் சொல்லி வந்திருக்கிறான். அது நேராகச் சொன்ன சொல். தமிழில் சொன்ன சொல். ஒரு வீட்டுச் சுவருக்கு இப்பால் இருந்தவர்கள் எல்லோரும் கேட்ட சொல்.

இவ்விடத்தில் ரீனோ நகர வழக்கை நினைக்காதிருக்க முடியவில்லை. 1985 டிசம்பர் 23-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புக்கு இரு நாள் முன்னே, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இரண்டு இளைஞர் ஜூடாஸ் பிரீஸ்ட் என்னும் குழுவின் பாடல்களை நெடுநேரம் கேட்டபின் ஒரு கோயிலை அடுத்த விளையாட்டு மைதானத்தில் தம்மையே மாய்த்துக்கொள்ள முனைந்தனர். ஒருவர் அப்போதே இறந்தார்; மற்றவர் மூன்றாண்டு கழித்து இறந்தார். பாட்டில் மறைந்திருந்த கட்டளையே காரணம் என்று குடும்பத்தினர் குழுவின் மீதும் அதன் நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுத்தனர். 1990-இல் ரீனோவில் விசாரணை நடந்தது. பாடகர் ராப் ஹால்ஃபோர்டு தம் பாடல்களைத் தாமே திருப்பிக் கேட்டு, நாற்காலி உடைந்துவிட்டதென்று தாயிடம் முறையிடுவதுபோல் கேட்கும் வேடிக்கையான இடத்தை மன்றத்தில் காட்டினார். கட்டளை எனச் சொல்லப்பட்டது, பாடகரின் மூச்சும் கிட்டார் ஓசையும் தற்செயலாகச் சேர்ந்ததால் உண்டான தோற்றம் என்று கண்டு நீதிபதி வைட்ஹெட் ஆகஸ்டில் வழக்கைத் தள்ளினார். அதே விசாரணையில்தான் அவ்விளைஞர்களின் வீட்டு நிலையும் வெளிவந்தது: குடி, போதை, அடி, வேலையின்மை. மகனை இழந்த பெற்றோரைப் பழித்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. தாங்க முடியாத துயரத்துக்கு வெளியிலே ஒரு காரணம் தேடுவது மனித இயல்பு. அந்த விசாரணையில் நிபுணர்கள் ஒலிநாடாவை எத்தனை முறை திருப்பித் திருப்பிக் கேட்டிருப்பார்கள்! உயிரோடிருந்த காலத்தில் அப்பிள்ளைகள் நேராகப் பேசியதை யாராவது அவ்வளவு கவனமாகக் கேட்டிருந்தால் என்ற எண்ணம், எழுதும்போதே கையை நிறுத்துகிறது.

அந்தத் தகப்பனாரையும் போய்ப் பார்த்தேன். முதலில் சினந்தார்; குருவானவருக்கு என் வீட்டில் என்ன வேலை என்றார். இரண்டாம் முறை உட்கார நாற்காலி போட்டார். அதற்குமேல் நடந்தவை அவர்கள் வீட்டுச் செய்தி. மடிக்கணினியை நான் மந்திரிக்கவுமில்லை, எரிக்கவுமில்லை. மந்திரித்திருந்தால் அதில் ஏதோ இருந்ததென்று நானே சான்றளித்ததாகிவிடும். ஒரு கோப்பை தேநீர் கொடுத்து, சாக்கில் சுற்றி, அந்தத் தாயிடமே திருப்பிக் கொடுத்தேன். பையன் மறுதேர்வு எழுதியிருக்கிறான்.

புனித அகுஸ்தீனார் தம் சங்கீர்த்தனங்கள் என்னும் நூலின் பதினொன்றாம் பாகத்தில் காலத்தைப் பற்றி ஆராயுமிடத்து, சங்கீதம் ஒன்றை ஓதுபவனை எடுத்துக்காட்டாகக் கொள்ளுகிறார். ஓதத் தொடங்குமுன் சங்கீதம் முழுவதும் அவன் எதிர்பார்ப்பில் இருக்கிறது. ஓத ஓத, எதிர்பார்ப்பு குறைந்து நினைவு கூடுகிறது. ஓதி முடித்ததும் முழுவதும் நினைவாகிவிடுகிறது. பேச்சு என்பது இவ்வாறு எதிர்பார்ப்பிலிருந்து நினைவுக்குச் செல்லும் ஓட்டம். திருப்பிய ஒலியில் எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அதனால்தான் கேட்பவன் தன் அச்சத்தையோ ஆசையையோ அதில் வைத்து நிரப்புகிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. குருமடத்தில் அந்தப் பாகத்தை இலத்தீனில் படித்து விழித்த எங்களுக்கு, அக்காலத்தில் ஒரு மடிக்கணினி இருந்திருந்தால் எளிதாய் விளங்கியிருக்கும்!

நிற்க. தியானங்களுக்குச் செல்ல வேண்டாமென்று நான் சொல்லுவதாக யாரும் பொருள் கொள்ள வேண்டாம். நல்ல தியானங்களால் குடியை விட்டவர்களும் பகையை மறந்தவர்களும் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். அங்கே இத்தகைய ஒலித்துண்டு ஒலிக்கப்பட்டால், பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றே: சொற்களைத் திரையிலோ தாளிலோ காட்டுமுன் ஒலியை மட்டும் முதலில் கேட்கச் செய்யுமாறு பணிவோடு கேளுங்கள். பிள்ளைகளுக்கும் அதனையே கற்றுக் கொடுங்கள். வீட்டிலும் செய்து பார்க்கலாம். செயலிக்குக் காசு இல்லை. மின்சாரம் இருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பந்தலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவரின் கேள்வி. கோயில் மணியைத் திருப்பிய ஒலியைத் தம் கைபேசியின் அழைப்பொலியாக வைத்திருக்கிறாராம். அது பாவமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். பாவமன்று. ஆனால் திருப்பலி நேரத்தில் அது ஒலித்தால், நேராக ஒலிக்கும் அழைப்பொலிக்கு நான் சொல்வதையே அதற்கும் சொல்லுவேன்.